பால்வினை நோய்த் தடுப்பு: விதி எழுதும் இடத்தில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை?

பால்வினை நோய்களுக்கு நல்ல மருந்துகள் இருந்தும் அந்நோய்கள் ஏன் குறையவில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். சட்டங்களும் விதிகளும் வகுக்கப்படும்போது தடுப்புத் திட்டங்களில் பணியாற்றுவோர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை என்பதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பால்வினை நோய்ச் சிகிச்சை மையத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ஒரு நாளைக்கு வரும் நோயாளிகளைப் பார்த்து முடிப்பதற்கே நேரம் போதவில்லை. சட்டம், கொள்கை என்பவை அரசியல்வாதிகளின் வேலையல்லவா? எங்களை ஏன் அதில் இழுக்கிறீர்கள்?

பதில்: உங்கள் களைப்பு எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். ஆனாலும், உங்கள் மையத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி விதிகளால் உண்டாகும் கூட்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு மையத்துக்கு ஒரு பெண் எட்டு மாதங்களுக்குள் மூன்றாவது முறையாகக் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுடன் வந்தார். நான்காக மடித்து வைத்திருந்த அவருடைய சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். முந்தைய இரண்டு முறையும் எழுதப்பட்டிருந்த மருந்தும் அளவும் சரியாகவே இருந்தன. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. கணவர்தான் சிகிச்சைக்கு வரவே இல்லை. "அவருக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்துவிடுங்கள் டாக்டர், நான் சாப்பிட வைத்துவிடுகிறேன்" என்று கேட்டார். நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்து கொடுக்க விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் அந்தச் சீட்டை மறுபடியும் அதே மடிப்புகளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். மருத்துவத்தில் குறை ஏதும் இல்லாமலேயே அவருக்கு மூன்று முறை தொற்று வந்திருந்தது.

இதே சிக்கலை அமெரிக்காவின் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். இணையருக்கான மருந்தையும் நோயாளியிடமே கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்று 1998க்கும் 2003க்கும் இடையே சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்ற கொனோரியா (இன்னொரு பால்வினை நோய்) நோயாளிகளில் 11 சதவீதத்தினருக்கு மறுபடியும் தொற்று காணப்பட்டது. மருந்தைக் கையோடு கொடுத்தனுப்பிய முறையில் அது 3 சதவீதமாக இருந்தது. கிளமிடியாவில் வித்தியாசம் சிறிதுதான். 2005இல் இம்முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டே அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி இம்முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரை வந்த மறுநாளே மருந்து கொடுத்துவிட முடியவில்லை. பரிசோதிக்காதவருக்கு மருந்து எழுதும் மருத்துவரின் உரிமம் என்னாகும், பெயரில்லாத சீட்டுக்கு மருந்தாளுநர் மருந்து கொடுக்கலாமா, அந்த இரண்டாவது மருந்துக்குப் பணம் கட்டுவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக விடை காண வேண்டியிருந்தது. கலிபோர்னியா 2001இலேயே கிளமிடியாவுக்காகச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, இன்று பெரும்பாலான மாநிலங்களில் இம்முறைக்கு அனுமதி இருக்கிறது. எந்த மாநிலத்தில் எந்தப் பிரிவு தடையாக நிற்கிறது என்று பட்டியலிட்டு வெளியிட்டதும், தங்கள் மையத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்துக் காட்டியதும் தடுப்புத் திட்டங்களில் இருந்தவர்களே. அந்த எண்ணிக்கை ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் இருக்காது. உங்கள் பதிவேட்டில்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொனோரியாக் கிருமி மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டே வருகிறது. இன்று அதற்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. ஊசியை யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது. ஆகவே, மருந்தின் பெயரைச் சட்டத்திலேயே எழுதிவிடாமல், மாறிவரும் சிகிச்சை வழிகாட்டுதலைப் பின்பற்றுமாறு எழுத வேண்டும். இந்த நுட்பத்தைச் சொல்வதற்கும் உங்களைப் போன்ற ஒருவர் அங்கே வேண்டும்.

கேள்வி: திருமணத்துக்கு முன்பு மணமக்கள் இருவருக்கும் எச்.ஐ.வி., பால்வினை நோய்ப் பரிசோதனைகளைக் கட்டாயமாக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே? அரசுகள் ஏன் தயங்குகின்றன?

பதில்: மகளைப் பெற்றவர் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. இந்த யோசனையைச் சட்டமாக்கி, அதன் விளைவையும் எண்ணிப் பார்த்த ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1988 தொடக்கத்திலிருந்து, திருமண உரிமம் கேட்பவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது கட்டாயமாயிற்று. முதல் ஆறு மாதங்களில் 70,846 பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். தொற்று கண்டறியப்பட்டவர்கள் 8 பேர். பரிசோதனைகளுக்கு ஆன செலவு சுமார் 25 லட்சம் டாலர், அதாவது ஒரு தொற்றைக் கண்டுபிடிக்க மூன்று லட்சம் டாலருக்கும் மேல். அதே காலத்தில் அம்மாநிலத்தில் வழங்கப்பட்ட திருமண உரிமங்கள் 22.5 சதவீதம் குறைந்தன. பலர் எல்லையைத் தாண்டி அண்டை மாநிலங்களில் போய்த் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

இந்தக் கணக்கை எடுத்து மருத்துவ இதழில் வெளியிட்டவர்கள் அம்மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்களே என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பும் அவர்களுடையதே. அப்படியிருந்தும் அது பயன் தரவில்லை என்பதை மறைக்காமல் எண்களோடு வெளியிட்டார்கள். 1989இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கொள்கை வகுப்பதில் சுகாதாரத் துறையின் பங்கு என்றால் புதிய சட்டம் கேட்பது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நிறைவேறிவிட்ட சட்டத்தைக் கண்காணித்து, பயனில்லையென்றால் அதையும் எழுந்து நின்று சொல்வது அந்தப் பங்கின் கடினமான பாதி என்பது என் எண்ணம்.

தொற்று அதிகம் பரவாத மக்களிடையே எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை நடத்தும்போது, உண்மையில் தொற்றில்லாத சிலருக்கும் தொற்று இருப்பதாகத் தவறான முடிவு வருவதுண்டு. அப்படி ஒரு முடிவால் நின்றுபோகும் திருமணத்தையும் அந்தக் குடும்பத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளும் அவருக்கு வரப்போகும் துணைவரும் தாங்களாக விரும்பி, ஆலோசகரிடம் பேசிவிட்டுப் பரிசோதனை செய்துகொள்வதை நான் மனதார வரவேற்பேன்; அதற்கான வசதியை எளிதாகவும் இரகசியமாகவும் அமைத்துக் கொடுப்பது அரசின் கடமை.

கேள்வி: நான் சுகாதாரத் துறையில் அரசு ஊழியன். ஒரு சட்டம் தவறு என்று எனக்குத் தெரிந்தாலும் அதை வெளியே சொல்ல நடத்தை விதிகள் இடம் தருமா?

பதில்: மேடையேறி ஒரு மசோதாவுக்கு ஆதரவு திரட்டவோ, உறுப்பினர்களைச் சந்தித்து இப்படி வாக்களியுங்கள் என்று கேட்கவோ பெரும்பாலான நாடுகளில் அரசு ஊழியருக்கு அனுமதியில்லை. அது சரியான கட்டுப்பாடுதான். ஆனால் கேட்கப்பட்ட இடத்தில் உண்மையைச் சொல்வதற்கும், உங்களுக்கு மேலுள்ளவர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவதற்கும், புள்ளிவிவரங்களை உரிய காலத்தில் வெளியிடுவதற்கும் பொதுவாகத் தடை இல்லை. இந்த இடைவெளி பலர் நினைப்பதைவிட மிகப் பெரியது.

இந்தியாவில் நடந்ததையே சொல்கிறேன். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, மத்திய உள்துறை அமைச்சகம் அந்தப் பிரிவு வேண்டும் என்றே வாதிட்டது. அதே அரசின் கீழ் இயங்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், அப்பிரிவுக்கு அஞ்சி மக்கள் மறைந்து வாழ்வதால் அவர்களைத் தடுப்புப் பணியாளர்கள் எட்ட முடியவில்லை என்று எடுத்துரைத்தது. ஒரே அரசின் இரு கைகள் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றன. 2009 ஜூலை 2ஆம் தேதி வந்த தீர்ப்பு இந்தப் பிரமாணப் பத்திரத்தைத் தன் காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதும், 2018இல் மீண்டும் திருத்தி, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்த்ததும் உங்களுக்குத் தெரிந்தவையே. அந்தப் பத்திரத்தைத் தயாரித்தவர்கள் கொடி பிடிக்கவில்லை. தங்கள் களப்பணியாளர்கள் நாள்தோறும் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதற்கும் துணிவு வேண்டியிருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

கேள்வி: பாலியல் தொழிலில் உள்ளவர்களைப் பதிவு செய்து, காவல்துறை மூலம் கட்டாயப் பரிசோதனை செய்தால் நோய் பரவுவதை வேரிலேயே தடுக்கலாம் அல்லவா?

பதில்: இது பழைய யோசனை, சட்டமாகி, தோற்று, நீக்கப்பட்ட யோசனை. பிரிட்டனில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், படைகள் தங்கியிருந்த நகரங்களிலும் துறைமுகங்களிலும், சந்தேகப்பட்ட எந்தப் பெண்ணையும் காவலர் பிடித்துப் பரிசோதனைக்கு உட்படுத்த வழி செய்தன. நோய் இருந்தால் பூட்டிய மருத்துவமனையில் அடைத்தார்கள். அந்தப் பெண்களிடம் போய் வந்த படைவீரர்களை எவரும் இப்படிப் பிடித்துச் செல்லவில்லை. ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணியின் தலைமையில் பல ஆண்டுகள் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 1886இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. பரவும் வழியில் பாதியைத் தொடாத சட்டம் எப்படி நோயைத் தடுக்கும்?

இதற்கு மாறாகத் தாய்லாந்தைப் பாருங்கள். 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் விவாட் ரோஜனபிதயகோர்ன் என்ற சுகாதாரத் துறை மருத்துவர் ஒரு முறையைத் தொடங்கினார். ஆணுறை இல்லையென்றால் சேவை இல்லை என்பதை மாகாணத்தின் எல்லாப் பாலியல் தொழிலிடங்களிலும் ஒரே நேரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவருவதே அது. ஓர் இடத்தில் மட்டும் கட்டாயமாக்கினால் வாடிக்கையாளர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். எல்லா இடத்திலும் இருந்தால் எங்கும் போக முடியாது. மீறலுக்குப் பொறுப்பு அங்கே வேலை செய்த பெண்களைவிட இடத்தின் உரிமையாளர் மீதே முதன்மையாகச் சுமத்தப்பட்டது. கொனோரியாவுடன் வரும் ஆணிடம் எங்கே போனீர்கள் என்று சிகிச்சை மையத்தில் கேட்டறிந்து, விதி எங்கே மீறப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டார்கள். பாலியல் தொழில் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில், ஆளுநரும் காவல்துறையும் சுகாதாரத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இது நடந்திருக்காது. 1991இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14 சதவீதமாக இருந்தது, 1993இல் 94 சதவீதமாயிற்று. அரசு மையங்களில் ஆண்களிடம் பதிவான முக்கியமான ஐந்து பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன.

இதிலும் குறைகள் உண்டு. காவல்துறையின் நிழலில் நடந்ததால் அந்தப் பெண்களுக்குப் பரிசோதனை தவிர்க்க முடியாததாயிற்று என்றும், விதியை வகுத்தபோது அவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை என்றும் எழுந்த விமர்சனங்களை நான் ஏற்கிறேன். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் சமரஜித் ஜனா தொடங்கிய திட்டத்தில், தொழிலில் இருந்த பெண்களே சக பணியாளர்களாகப் பயிற்சி பெற்று ஆணுறை பற்றிப் பேசினார்கள். பின்னர் தங்களுக்கென்று சங்கமும் கூட்டுறவு நிதியமைப்பும் அமைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

ஆணுறை பற்றி இன்னொன்று. பையில் ஆணுறை வைத்திருப்பதையே பாலியல் தொழிலுக்குச் சாட்சியமாகக் காவலர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஒரு துறை கையில் கொடுப்பதை இன்னொரு துறை தடயமாகப் பறிமுதல் செய்தால், அடுத்த முறை அந்தப் பெண் அதை வாங்கிக்கொள்ள மாட்டார். இதை மாற்றப் பல நேரங்களில் புதிய சட்டமே தேவைப்படாது. காவல்துறைத் தலைமையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அதைக் கேட்டுப் பெறுவது சுகாதாரத் துறையின் வேலை.

கேள்வி: நான் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவன். அரசுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய் இது என்றார்கள். என் பெயர் எங்கே போகிறது என்ற அச்சம் இன்னும் போகவில்லை. என்னைப் போன்றவர்களைக் கேட்டுத்தான் இந்த விதிகளை எழுதுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்தப் பகுதியில் நோய் வருகிறது என்பது தெரியாமல் மருந்தையும் ஆட்களையும் ஒதுக்க முடியாது. அதனால் தகவல் தெரிவிக்கும் விதி வேண்டும். ஆனால் அந்தத் தகவலை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், காவல்துறையோ வேலை கொடுப்பவரோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால் மறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதே விதியில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டனில் பால்வினை நோய்கள் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1916இல் வந்த ஒழுங்குமுறைகள், உள்ளாட்சிகள் இலவசமாகவும் இரகசியமாகவும் பால்வினை நோய்ச் சிகிச்சை அளிக்க வழி செய்தன. செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது. இரகசியம் காக்கப்படாவிட்டால் எவரும் வர மாட்டார்கள் என்பதை, பென்சிலின் பயன்பாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

உங்கள் அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்கு நோயின் உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையினரே. பீட்டர் பக்ஸ்டன் என்பவர் அதே சேவையில் பால்வினை நோய் விசாரணையாளராக இருந்தவர். அவர் உள்ளே எழுப்பிய ஆட்சேபங்களைக் கேட்பாரில்லாமல் போன பிறகு செய்தி பத்திரிகைக்குப் போயிற்று. ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர்களைப் பாதுகாக்க 1974இல் வந்த தேசிய ஆராய்ச்சிச் சட்டம் இதன் விளைவு. விதி எழுதும் மேசையில் சுகாதாரத் துறை இருந்தால் மட்டும் போதாது, நோயை அனுபவித்தவரும் அங்கே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் சிகிச்சை மையத்தில் பதிவேட்டை யார் கையாள்கிறார் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: உள்ளாட்சி உறுப்பினராக இருக்கிறேன். சட்டம் இயற்றும் அதிகாரம் எனக்கில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்குங்கள். தாய்க்கு சிபிலிஸ் இருப்பதைப் பரிசோதனையில் கண்டு, பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே பென்சத்தீன் பென்சிலின் ஊசி போடத் தொடங்கிவிட்டால் குழந்தையை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். ஆரம்பநிலை நோய்க்கு ஒரே தவணை ஊசி போதும். இவ்வளவு எளிய சிகிச்சை இருந்தும், அமெரிக்கா போன்ற வசதியுள்ள நாட்டிலேயே பிறவி சிபிலிஸ் 2012இல் 335 குழந்தைகளுக்கு என்றிருந்தது, 2022இல் 3,755 என்று உயர்ந்தது. உரிய காலத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்திருக்கலாம் என்று சிடிசி கணக்கிட்டது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இன்னொரு பக்கம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாகக் கியூபாவை 2015இலும், தாய்லாந்தை 2016இலும், இலங்கையை 2019இலும் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்திருக்கிறது. கர்ப்பிணிகளில் 95 சதவீதத்தினருக்கு சிபிலிஸ் பரிசோதனை, தொற்று உள்ளவர்களில் 95 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்ற அளவுகளையும் அவர்கள் எட்ட வேண்டியிருந்தது.

உங்கள் பகுதிச் சுகாதார அலுவலரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து மூன்று விவரங்களைக் கேளுங்கள். கர்ப்பிணி முதல்முறை வரும் அன்றே பரிசோதனை நடந்து, முடிவும் அன்றே கையில் கிடைக்கிறதா? தொற்று இருந்தால் ஊசி அதே இடத்தில் போடப்படுகிறதா, அல்லது வேறோர் ஊருக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார்களா? பென்சத்தீன் பென்சிலின் கையிருப்பு எத்தனை வாரத்துக்கு இருக்கிறது? இம்மருந்தின் விலை மிகக் குறைவு என்பதால் உலகில் இதைத் தயாரிப்பவர்களும் மிகச் சிலரே. பல நாடுகளில் தட்டுப்பாடு வந்திருக்கிறது. இதில் எதற்கும் சட்டம் வேண்டாம்; கொள்முதல் உத்தரவும், கையிருப்புப் பதிவேடும், யார் எப்போது பரிசோதிப்பது என்ற ஒரு பக்க அறிவுறுத்தலும் போதும். மூன்று மாதம் கழித்து அதே அலுவலரை மறுபடி அழைத்து, வந்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஊசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அந்த மூன்று எண்களையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.